முன்னங்கால் தூக்கிய குதிரை

*வணக்கம் ஐயா,*

*சங்கானையிலிருந்து எழுதுகிறேன். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒன்பது வயதுக் குதிரை ஒன்றைச் சென்ற வருடம் வாங்கினேன். முதல் இரண்டு மாதம் சாதுவாக நின்றது. இப்போது சேணத்தைக் கண்டாலே காதை மடக்குகிறது. ஏறினால் படலையைத் தாண்ட மறுத்து முன்னங்கால்களைத் தூக்குகிறது. ஆபத்து என்று இறங்கிக் கொண்டுபோய்க் கொட்டிலில் கட்டிவிடுகிறேன். வெளியே போனாலோ, கடிவாளத்தை இழுக்க இழுக்கத் தலைதெறிக்க ஓடுகிறது. என்னை இரண்டு தடவையும் பதினான்கு வயது மகளை ஒரு தடவையும் விழுத்திவிட்டது. மகள் அதன்பிறகு கொட்டில் பக்கமே போவதில்லை; அவளுடைய பயத்தை எப்படிப் போக்குவது? முள்ளுக் கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார்கள். நெற்றியில் இரட்டைச் சுழி, விற்றுவிடு என்பவர்களும் உண்டு. நெடுந்தீவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருப்பதால் கேட்கிறேன்.*

*வாசகர், சங்கானை*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்ததற்கு முதல்நாள் மாலை எங்கள் ஊர்க் கோயிலில் வேட்டைத் திருவிழா. குதிரை வாகனத்துக்கு மிக அருகில் நின்றேன். அறுபது வருடமாகப் பார்க்கும் வாகனம்தான். ஆனால் அன்றைக்கு அதன் முகம் என்னை உறுத்தியது. வாய் பிளந்திருக்கிறது. கடிவாளம் வாயோரத்தைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. கண் பிதுங்கியிருக்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. அதைச் செய்த ஆசாரியார் தாம் கண்டதைத்தான் உண்மையாகச் செதுக்கியிருக்கிறார். அது வாயில் நோவும் நெஞ்சில் பயமும் கொண்ட ஒரு குதிரையின் முகம். அதைக் கம்பீரம் என்று சொல்லிச் சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தின் பெயருக்குள்ளேயே ஒரு குதிரை இருக்கிறது; அங்கே 'மா' என்பது குதிரை. குதிரைக்குப் பரி, புரவி, இவுளி என்று அடுக்கடுக்காகச் சொற்கள் வைத்திருக்கிற மொழி நம்முடையது. இருந்தும் குதிரையை நாம் அறிந்துகொள்ளவில்லை. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியே வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாதவர்களின் கையில் அவை விரைவிலேயே மடிந்துபோவதால் மறுவருடமும் அவ்வளவு குதிரைகளை வாங்கவேண்டியிருப்பதையும் எழுதி வைத்தார். அந்தப் பழி எழுநூறு வருடங்களுக்கு மேலாகியும் நம்மை விட்டு நீங்கவில்லை என்பதைத்தான் உங்கள் கடிதம் காட்டுகிறது.

சுழியைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அது மயிர் வளர்ந்திருக்கும் விதம், அவ்வளவுதான்.

முள்ளுக் கடிவாளத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதவேண்டும். குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே முளைக்காத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கிறது. அந்த இடத்தில் எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தசைத்தோல் மட்டுமே. தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் அகதியாக இருந்தபோது ஒரு லாயத்தில் சாணம் அள்ளும் வேலை பார்த்தேன். அங்கே அவசரத்தில் ஒரு பெண் குதிரையைக் கடிவாளத்தோடு பிடித்து இழுத்தேன். அவளும் எதிர்த்து இழுத்தாள். முடிவில் வாரில் பிசுபிசுத்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு ஒரு மாதத்துக்கு என் காலடிச் சத்தம் கேட்டாலே அவள் சுவரோடு ஒட்டி நிற்பாள். முள்ளில்லாத, வழவழப்பான கடிவாளத்தால் நடந்தது அது. அந்த இடத்தில் முள்ளைப் பதிக்கச் சொல்பவர்களை உங்கள் வளவுக்குள் விடாதீர்கள்.

இழுக்க இழுக்க ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தயக் குதிரை கடிவாளத்தின்மேல் சாய்ந்து ஓடப் பழகியது. ஓட்டி வாரை இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் ஊன்றி ஓடும். நில் என்று நினைத்து நீங்கள் இழுக்கிறீர்கள், அதற்கோ ஓடு என்று கேட்கிறது. கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்காமல் செய்கிற விலங்கை அடங்காதது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நெடுந்தீவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படுகிற, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வம்சம் அங்கே யாருடைய கயிறுமின்றித் திரிகிறது. என் பெரிய அம்மானின் வீடு அங்கேதான் இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும். வெயில் உச்சத்தில் நின்ற மாதம். புல்வெளி முழுவதும் கருகிக் கிடந்தது. பின்னேரங்களில் அம்மான் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிப் பவளக்கல் வேலியோரத்துத் தொட்டியை நிரப்புவார். சாம்பல் நிறத்துக் கிழட்டுக் குதிரை ஒன்று நாற்பது ஐம்பது அடி தள்ளி நின்று மணத்தைப் பிடிக்கும். நான் ஆசையோடு தொட்டியருகில் நின்று அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவேயில்லை. "கண்ணை எடடா, தண்ணி அதுக்கு, உனக்கில்லை" என்று அம்மான் அதட்டினார். பிறகு அவர் செய்ததை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குதிரை ஓர் அடி முன்னே வைத்ததும் அவர் ஓர் அடி பின்னே வைத்தார். அது நின்றால் அவரும் நின்றார். அது இன்னோர் அடி வைத்ததும் முதுகைத் திருப்பி இரண்டடி விலகினார். ஒவ்வொரு நாளும் அதே சடங்கு. கடைசியில் ஒருநாள் அவர் தொட்டியின் விளிம்பில் கையை வைத்தபடி நிற்க, அந்தக் குதிரை மூக்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் குடித்தது. அதன் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

அம்மான் குதிரைப் பயிற்சி கற்றவரல்லர். ஆனால் அமெரிக்காவில் டொம் டொரன்ஸ் (1910–2003) போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் கற்பித்த நுட்பத்தின் வேர் அந்தப் பின்வாங்கிய அடியில் இருந்தது. நெருக்குதல் குதிரைக்கு எதையும் கற்பிப்பதில்லை, நெருக்குதல் விலகும் கணம்தான் கற்பிக்கிறது. தயவுசெய்து இந்த வரியைத் திரும்பப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் எல்லாத் தவறுகளும் இங்கேதான் இருக்கின்றன. எந்தச் செயலின்போது உங்கள் கை தளர்கிறதோ, அந்தச் செயலைக் குதிரை சரியென்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் இழுத்து, அது எதிர்த்து, கை உளைந்து நீங்கள் விட்டால், எதிர்ப்பது சரி என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். படலையடியில் அது காலைத் தூக்கியதும் இறங்கிக் கொட்டிலுக்குக் கொண்டுபோகிறீர்களே, அதுதான் அந்தக் குதிரைக்கு இவ்வருடம் கிடைத்த ஆகத் தெளிவான பாடம்: காலைத் தூக்கு, வேலை முடியும், நிழலும் புல்லும் கிடைக்கும். இறங்கியது பிழையென்று நான் சொல்லவில்லை, காலைத் தூக்கும் குதிரையின் முதுகில் யாரும் இருக்கக்கூடாது. அந்த நிலைமை வரும்வரை அதை முன்னே போகக் கேட்டதுதான் பிழை.

அதனால் சேணத்தைப் பரணில் போடுங்கள். தலைக்கயிறு மட்டும் கட்டி, தரையில் நின்று, ஓர் அடி முன்னே வரும்படி கயிற்றில் மெல்லிய இழுவையைக் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது உடம்பின் பாரத்தை முன்னே சாய்க்க நினைத்த உடனேயே, கால் எழும்புவதற்கு முன்பே, கயிற்றைத் தொய்ய விடுங்கள். பிறகு சும்மா நில்லுங்கள். சிறிது நேரத்தில் தலை தாழும். நாக்கால் உதட்டை நக்கும். நீண்ட மூச்சு ஒன்று விடும். அதற்குப் பிறகே அடுத்த அடியைக் கேளுங்கள். படலை வரை போக மூன்று கிழமை எடுத்தால் எடுக்கட்டும். தாமதமாகத் தளர்கிற கையை விடக் கெட்ட கை இல்லை.

இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு மிருக வைத்தியரைக் கூப்பிட்டு வாயையும் முதுகையும் காட்டுங்கள். சேணத்தைக் கண்டு காதை மடக்கும் குதிரைக்கு முதுகில் நோவு இருக்கலாம். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி உட்கன்னத்தைக் கிழிக்கலாம். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் மிகச் சாதாரணம். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரப்பதால் நாள் முழுவதும் அதற்கு மெல்லப் புல் வேண்டும். காலையும் மாலையும் தானியத்தைக் கொட்டுவது உதவாது. தனியாகக் கட்டியும் வைக்காதீர்கள். கூட்டத்தில் வாழப் பிறந்த விலங்கு அது. வேறு குதிரை கிடைக்காவிட்டால் ஓர் ஆட்டையாவது அதன் கொட்டிலில் விடுங்கள். பந்தய லாயங்களிலேயே அந்த வழக்கம் உண்டு.

இனி மகள். பயத்தைப் போக்குவது எப்படி என்று கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் பயம் சரியானது. அந்த வளவில் குதிரையைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். தலைக்கவசம் அணிவித்தா அவளை ஏற்றினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அணிவிக்காமல் ஏற்றியிருந்தால் அது ஒரு தகப்பன் செய்யக்கூடாத காரியம். அவளிடம் "பயப்படாதே" என்றும் சொல்லாதீர்கள். 2009 இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். குதிரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான்கு தடவை கொண்டுபோகச் சொன்னார்கள். நான்காம் தடவை வழியில் ஒரு குடை சட்டென்று விரியும் என்று ஆட்களிடம் சொல்லிவைத்தார்கள். குடை விரியவேயில்லை. ஆனாலும் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரைகளின் துடிப்பும் கூடவே ஏறியது. உங்கள் மகள் பல்லைக் கடித்துப் பயத்தை மறைத்துக்கொண்டு ஏறினால், நீங்கள் ஏமாறலாம், குதிரை ஏமாறாது.

அவள் ஏறவே வேண்டாம். பின்னேரத்தில் தண்ணீர் வாளியை அவள் கொண்டுபோய் வைக்கட்டும். மூக்கின் நேர்முன்னாலும் வாலின் நேர்பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. அதனால் தோளின் பக்கமாக, மெல்லக் கதைத்துக்கொண்டு போகட்டும். அது ஓர் அடி வைத்தால் இவள் ஓர் அடி பின்வாங்கட்டும். எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும், நீங்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள். என்றைக்காவது அவளே கேட்டால் மட்டும் சேணத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

குதிரையின் வயதை எழுதியிருக்கிறீர்கள், சுழியைக்கூட எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கம் திரும்பும்போது மறுக்கிறதா, வலப்பக்கமா, இரண்டுமா என்று எழுதவில்லை. ஒரு பக்கம் மட்டுமென்றால் பெரும்பாலும் நோவுதான். நாளைக் காலையில் தலைக்கயிற்றோடு இரு பக்கமும் மெல்ல வட்டமாக நடத்திப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.