சனிக்கிழமைச் சம்பளமும் கருப்புப் பிளஸ்ஸும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். டைலர்களுக்குப் பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். எக்செல் ஷீட்டில் 240 பேர். ஃபார்முலாவைக் கடைசி ஆள் வரை மவுஸால் இழுத்து இழுத்து மணிக்கட்டு வலிக்கிறது. கீபோர்டு ஷார்ட்கட் எதுவும் மனதில் நிற்பதில்லை. மவுஸிலேயே வழி உண்டா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு அம்மணி. முதலில் அந்த இழுவையை விடுங்கள்.

பீஸ், ரேட், தொகை என்று அடுத்தடுத்து வைத்திருப்பீர்கள். தொகையின் முதல் கட்டத்தில் பெருக்கல் ஃபார்முலாவைப் போட்டு என்டர் தட்டுங்கள். மறுபடி அதே கட்டத்தைக் கிளிக் செய்தால் வலது கீழ் மூலையில் குட்டிச் சதுரம் ஒன்று தெரியும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் தடித்த வெள்ளைப் பிளஸ் மெலிந்த கருப்புப் பிளஸ்ஸாக மாறும். மாறியதும் டபுள் கிளிக். பக்கத்தில் விவரம் எதுவரை இருக்கிறதோ, அதுவரை ஃபார்முலா தானாக இறங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். ஓவர்லாக் மெஷின் ஆட்கள், பேட்லாக் மெஷின் ஆட்கள் என்று பிரிக்க, நடுவில் ஒரு வரிசையை முழுக்கக் காலியாக விட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. கீழே இருந்த பதினெட்டுப் பேருக்குத் தொகையே ஏறவில்லை. கவர் போடும்போதுதான் தெரிந்தது. வாரச் சம்பளத்தை நம்பி மளிகைக் கடைக்கு வாக்குக் கொடுத்தவர்கள் ராத்திரி ஒன்பது மணி வரை கேட்டில் நின்றார்கள். அது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் உடனே சரிபார்த்துவிடுங்கள். தொகையின் முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ்க் கோட்டின்மேல் மவுஸை வையுங்கள். நாலு பக்கமும் அம்புக்குறி வரும். அப்போது டபுள் கிளிக் செய்தால், இடைவெளி இல்லாமல் நிரம்பியிருக்கும் கடைசிக் கட்டத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். கடைசி டைலர் பெயருக்கு நேராக நின்றால் சரி. நடுவிலேயே நின்றால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கை தவறிக் கட்டம் நகர்ந்துவிட்டால் கன்ட்ரோல் இசட்.

அப்புறம் தேதி. முதல் தேதியை எழுதி, அந்தக் கருப்புப் பிளஸ்ஸை மவுஸின் வலது பட்டனால் இழுத்து விட்டால் ஒரு மெனு வரும். அதில் 'ஃபில் வீக்டேஸ்' வேண்டாம். அது ஞாயிறோடு சனிக்கிழமையையும் தவிர்த்துவிடும். நம் ஊரில் சனிக்கிழமை வேலையும் உண்டு, சம்பளமும் அன்றைக்குத்தானே! 'ஃபில் டேஸ்' கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நீக்குங்கள்.

அட்வான்ஸ் வாங்கியவர்களுக்கு மஞ்சள் அடிப்பீர்கள் அல்லவா? மஞ்சள் அடித்த ஒரு கட்டத்தில் நின்று, 'ஃபார்மேட் பெயின்டர்' பிரஷ்ஷை டபுள் கிளிக் செய்தால் எஸ்கேப் அழுத்தும்வரை பிரஷ் கையிலேயே இருக்கும். தொட்ட கட்டமெல்லாம் மஞ்சள். தொகைக்குப் பதில் ##### என்று தெரிந்தால், மேலே அந்த நெடுவரிசையின் எழுத்துக்கு வலப்பக்கக் கோட்டில் டபுள் கிளிக் செய்யுங்கள், அகலம் சரியாகிவிடும். மொத்தத் தொகைக்குத் தொகைகளை மட்டும் தேர்ந்தெடுத்தாலே போதும், திரையின் அடிப் பட்டையில் கூட்டல் தெரியும்.

அசல் ஷீட்டில் உடனே இறங்க வேண்டாம். கீழே ஷீட்டின் பெயரை, கன்ட்ரோலை அழுத்தியபடி பக்கத்தில் இழுத்துவிட்டால் நகல் ஒன்று வரும். புதன், வியாழன் இரண்டு நாளும் அதில் பழகுங்கள்.