வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்த தொண்டுக்குப் புறப்படுமுன்

கேள்வி: நான் தேவகோட்டையைச் சேர்ந்தவள், மதுரையில் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். 2023இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு வந்த, மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் ‘குளோபல் மெர்சி’ மருத்துவமனைக் கப்பலில் சில மாதங்கள் தொண்டு செய்ய இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, விமானக் கட்டணத்தோடு, தங்கவும் சாப்பிடவும் நாமே பணம் கட்ட வேண்டும். “கைக்காசைக் கொடுத்து யாராவது வேலை பார்ப்பார்களா?” என்று அப்பத்தா கேட்கிறார். எங்கள் பங்குக் கோயிலைத் தவிர வேறு கிறிஸ்தவச் சூழல் எனக்குத் தெரியாது. தனியாக இருந்தும் பழக்கமில்லை. அங்கே எப்படிப் பொருந்திப் போவது?
*– வாசகி, தேவகோட்டை*

பதில்: அப்பத்தாவின் கேள்வியில் தவறில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருளீட்ட, போனவர்களைப் பார்த்த சீமை இது. கப்பலேறுவது சம்பாதிக்கத்தான் என்று அவர் எண்ணுவது இயல்பு. 1978இல் தொடங்கப்பட்ட மெர்சி ஷிப்ஸ் அமைப்பில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் முதல் சமையற்கூடத்தில் நிற்பவர் வரை பெரும்பாலோர் தம் செலவைத் தாமே ஏற்றுக்கொள்ளும் தொண்டர்கள் என்பதையும், நோயாளியிடம் காசு வாங்காமல் சிகிச்சை தர அந்த ஏற்பாடு பெரிதும் கைகொடுக்கிறது என்பதையும் அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்.

கப்பலில் உங்களுக்கென்று கிடைப்பது, வேறு நாட்டுப் பெண்களோடு பகிர்ந்துகொள்ளும் சிறிய அறையில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான். செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த பினாங்குக் கிட்டங்கியில் ஒரு பெட்டியும் பாயும் வைக்கும் இடத்திலேயே மூன்றாண்டுத் தவணையைக் கழித்தவர்களின் ஊர்க்காரர் நீங்கள். இடநெருக்கடி உங்களுக்குப் பெரிய தடையாக இராது. பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போங்கள். குக்கர் போன்ற மின்சாதனங்களை மட்டும், தீ விபத்து அச்சம் காரணமாகக் கப்பலில் அனுமதிப்பார்களா என்று கேட்காமல் எடுத்துச் செல்லாதீர்கள்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கப்பலுக்குள் உணவு, வழிபாடு, நட்பு எல்லாம் கிடைத்துவிடுவதால், தொண்டர் பலர் கப்பலில் நன்றாக ஒன்றிவிட்டு, அது நிற்கும் நாட்டை அறியாமலே திரும்பிவிடக்கூடும். உங்களை ஊரோடு சேர்த்துவைக்கப் போகிறவர்கள் வார்டில் மொழிபெயர்ப்பாளர்களாகப் பணிபுரியும் உள்ளூர்க்காரர்கள்; முதல் வாரத்திலேயே அவர்களோடு பழகத் தொடங்குங்கள். அங்கே பரவலாகப் பேசப்படுவது கிரியோ மொழி. காலையில் நோயாளியின் கட்டிலருகே போனதும் காயக்கட்டைப் பிரிக்கக் கை நீட்டாமல், “குஷே” என்று வணங்கி, “ஹவ் டி பாடி?” என்று நலம் விசாரியுங்கள். வலியில் இருப்பவர்கூட “ஆ டெல் காட் டெங்கி”, அதாவது கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்று விடையளிப்பதைக் கேட்பீர்கள். அப்படிச் சொல்பவர் கிறிஸ்தவராகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள அந்நாட்டில் இரு சமயத்தாரும் ஒரே குடும்பத்தில் வாழ்வது சாதாரணம் என்பதால், நோன்பு மாதத்தில் யார் நோன்பிருக்கிறார் என்பதைக் கேட்டறிந்து நடந்துகொள்ளுங்கள். எதையும் வலக்கையால் கொடுங்கள், வலக்கையால் வாங்குங்கள். இதை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்பார்கள் சியரா லியோன் மக்கள். மரவள்ளி இலையை இடித்துப் பனையெண்ணெயில் சமைத்துச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போய்ச் சாப்பிடுங்கள். லிஸ்பனில் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) நம் மறவர் சீமைக்கு வந்து, புலாலை விட்டு, காவி உடுத்து, தமிழ் பேசி வாழ்ந்து, 1693இல் ஓரியூரில் உயிர் நீத்தார். ஓரியூருக்கு அருகே வளர்ந்த உங்களுக்கு அவரைவிடப் பொருத்தமான முன்மாதிரியை என்னால் காட்ட முடியாது.

அந்நாட்டு மக்கள் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரையும், 2014இல் தொடங்கிய எபோலாவையும் கடந்து வந்தவர்கள். அவற்றைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

உங்கள் பயணத்துக்குப் பங்கு மக்கள் பணம் தந்திருந்தால், அவர்கள் புகைப்படம் கேட்பார்கள். முகத்தில் கட்டியோடு ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி வாழ்ந்த ஒருவரின் படம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதற்கு நீங்கள் காரணமாகக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. நன்கொடை தந்தவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள், செலவுக் கணக்கைக் காட்டுங்கள். அதுவே அவர்களுக்கு நீங்கள் பட்ட கடன்.

கப்பல் வழிபாட்டில் பல சபையினர் கூடுவார்கள். பாடலும் செபமும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். முதலில் அமைதியாக உடனிருங்கள். திருப்பலிக்கு ஏங்கினால் ஃப்ரீடவுனில் திரு இருதயப் பேராலயம் இருக்கிறது. பணிமுறை இல்லாத ஞாயிறுகளில் தோழி ஒருத்தியோடு போய் வாருங்கள். வீட்டு நினைப்பு வரத்தான் செய்யும். இந்திய நேரம் அங்குள்ளதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவுச் சாப்பாடு முடியும்போது தேவகோட்டையில் எல்லாரும் உறங்கியிருப்பார்கள். ஆகவே பேசுவதற்கு ஒரு நேரத்தை இப்போதே வீட்டாரோடு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனும் சியரா லியோனுக்குத் தொண்டுப் பணிக்குச் செல்கிறான். தடுப்பூசி கட்டாயமா?
*– வாசகர், காரைக்குடி*

பதில்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும், பிறகு அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். மலேரியாத் தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, மருத்துவர் சொல்லும் காலம்வரை, ஊர் திரும்பிய பின்னும் விழுங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இல்லாமல் திரும்புவோரை இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள் என்பதால், அந்த அட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருக்கட்டும்.