எரிந்த கிளட்ச் பிளேட்டை முதலில் கையில் வாங்குங்கள்

கேள்வி: பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. 2014இல் புதிதாக வாங்கிய சின்ன கார், நான்தான் ஓட்டுகிறேன். ஆறு வருடமாகப் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணாவிடம்தான் விடுகிறோம். அவரும் நம்ம ஊர்க்காரர். 62,000 கிலோமீட்டரில் முதல்முறையாகக் கிளட்ச் செட் மாற்றினார். 11,800 ரூபாய் யூபிஐயில் கொடுத்தேன். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். 23ஆம் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் உறுமியது, வண்டி இழுக்கவில்லை, கருகிய வாடை. டோ பண்ணி அவரிடமே கொண்டுவந்து, பிரித்துப் பார்க்கச் சொன்னேன். "நீங்க டிராஃபிக்ல ஹாஃப் கிளட்ச்லயே, பெடலைப் பாதி மிதிச்சபடியே ஓட்டியிருக்கீங்க, பிளேட் எரிஞ்சுபோச்சு. செட்டு, லேபர், கூட ஆயில் சீலும் மாத்தணும், 14,500 ஆகும்" என்கிறார். வேண்டாம் என்றால் பிரித்த கூலி 2,500 கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நாலு பேரோடு போய் வண்டியைத் தூக்கிவரலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பியை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள் சகோதரி. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாலு பேர் போய் நின்றால் பேச்சு கிளட்சை விட்டு அடிதடிக்குப் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் "கூட ஆயில் சீலும்" என்ற வார்த்தை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது கிளட்ச். இன்ஜின் பக்கம் கிராங்க் என்கிற சுழல் தண்டு வந்து முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு ரப்பர் சீல் உண்டு. அது கசிந்தால் எண்ணெய் நேரே கிளட்ச் அறைக்குள் வரும். பிளேட்டின் லைனிங்கில், அதாவது உரசிப் பிடிக்கிற மேல்பரப்பில், எண்ணெய் பட்டுவிட்டால் பிடிமானம் போய்விடும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் வழுக்கும், வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கருகும். மேலுமலையில் உங்களுக்கு நடந்தது இப்படியும் இருக்கலாம். கிளட்ச் மாற்றுவதற்காக 23 நாளுக்கு முன் இதே கியர்பாக்ஸ் இறங்கியிருந்தது. அப்போதே கசிவு இருந்ததா, அவர் பார்த்தாரா, உங்களிடம் சொன்னாரா? கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இருபத்தாறு வருடம் இந்த ஊர் ஒர்க்‌ஷாப்களில் வேலை பார்த்தவன் நான். ஒருமுறை இதே தவறைச் செய்திருக்கிறேன். சீல் ஓரத்தில் எண்ணெய் வேர்த்திருந்தது. கையில் சீல் இல்லை, சாயங்காலமே வண்டி வேண்டும் என்று கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். துணியால் துடைத்துவிட்டு மூடினேன். மூன்றாவது வாரம் அந்த வண்டி டோ ஆகி வந்தது. முதலாளி பிளேட்டை என் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார், ஒரு பைசா வாங்காமல் எல்லாம் மாற்றிக் கொடுத்தார். அந்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பிளேட்டைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாதீர்கள், என் பேச்சு உட்பட.

நாளைக்கே போய்க் கழற்றிய பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூன்றையும் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியவை, உங்கள் பொருள். லைனிங் கருத்துப் பளபளத்து, விரல் வைத்தால் பிசுக்கு ஒட்டினால், கிளட்ச் அறைக்குள்ளும் எண்ணெய் ஈரம் இருந்தால், அது சீலின் வேலை. உங்கள் காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலர்ந்து கருகி, ரிவெட் தெரியுமளவு தேய்ந்து, பிரஷர் பிளேட்டில் நீலநீலமாகச் சூட்டுத் திட்டு இருந்தால் ஹாஃப் கிளட்சாக இருக்கலாம். அதிலும் ஒன்று உண்டு. பெடல் ஒரு கேபிளால் கிளட்சை இயக்குகிற வண்டியில் அந்தக் கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டால், பெடலில் கால் வைக்காமலேயே ரிலீஸ் பேரிங் அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட் எப்போதும் பாதி வழுக்கும். அந்த 23 நாளில் பெடல் எப்படி இருந்தது? முதலில் கொஞ்சம் லூசாக இறங்கி, பிறகு கனத்ததா? தொட்டதுமே கனமாக இருந்து, காலை முழுக்க எடுக்கிற நேரத்தில்தான் வண்டி நகர்ந்ததா? இரண்டாவது மாதிரி என்றால் கேபிள் இறுக்கமாக இருந்திருக்கலாம். நினைவிருப்பதை இன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அவர் சொல்வதிலும் உண்மை இருக்க இடமுண்டு. சில்க் போர்டு நெரிசலில் பெடலிலேயே கால் வைத்து ஓட்டினால் புது பிளேட்டும் சீக்கிரம் போகும். ஆனால் முதல் கிளட்ச் 62,000 கிலோமீட்டர் உழைத்திருக்கிறது. அதே கால், அதே டிராஃபிக். 23 நாளில் மட்டும் உங்கள் ஓட்டம் மாறிவிட்டதா என்று அவரிடமே அமைதியாகக் கேளுங்கள். ஆறு வருடப் பழக்கம், "அண்ணா" என்றே கூப்பிட்டுக் கேளுங்கள். அவரிடம் வேலை பார்க்கிற பையன்கள் எதிரில் வேண்டாம், அவர் தனியாக இருக்கும்போது பேசுங்கள். ஆட்கள் முன்னால் எந்த மேஸ்திரியும் தவறை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பேசப் போகும் முன் இன்னொரு மெக்கானிக்கை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பாதி பிரித்த வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்கு டோ பண்ணினால், கியர்பாக்ஸ் டிக்கியில் கிடந்தால், பிறகு எதை யார் கழற்றினார், எது எப்போது உடைந்தது என்ற புதுச் சண்டை வரும். வருகிறவர் பார்த்ததை லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அதற்குக் காசு கொடுங்கள். நுகர்வோர் வழக்குகள் பலவும் தோற்பது இந்தக் காகிதம் இல்லாததால்தான். வண்டி கெட்டது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், யாரால் கெட்டது என்பதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த 2,500 பற்றி. நீங்கள் ஒத்துக்கொண்டு செய்யச் சொன்ன வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால், அது வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க வேலைக்காரருக்கு உரிமை உண்டு. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170. பிரித்துப் பார்க்கச் சொன்னது நீங்கள்தான் என்பதால் அவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் செய்யாத 14,500 ரூபாய் வேலைக்காக வண்டியை நிறுத்திவைக்க முடியாது. பேச்சு முறிந்தால் 2,500ஐ யூபிஐயில் கொடுங்கள். கொடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில், "வண்டியை எடுப்பதற்காக ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், முதல் வேலையில் குறை என்ற என் புகார் நிற்கிறது" என்று அனுப்பிவிடுங்கள். போலீசுக்குப் போனால் பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். காசு வாங்கிய பிறகும் வண்டி தர மறுத்தால், அல்லது உள்ளே இருந்த பார்ட்ஸ் காணாமல் போயிருந்தால் அப்போது போங்கள்.

சமரசத்துக்கு என் கணக்கு: பிளேட்டில் எண்ணெய் இருந்தால் செட், சீல், லேபர் மூன்றும் அவர் பொறுப்பு, டோ செலவையும் கேட்கலாம். உலர்ந்து எரிந்து, காரணம் தெளிவாகத் தெரியாவிட்டால் லேபர் அவருடையது, பார்ட்ஸ் அவர் வாங்கிய விலைக்கு உங்களுடையது. உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜேசி ரோட்டில் வாங்கினால் கடை பில்லும் பெட்டியும் உங்கள் கைக்கு வர வேண்டும். பெட்டியில் பார்ட் நம்பர், எம்ஆர்பி இருக்கிறதா பாருங்கள். ஆறு மாத உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வக்கீல் வேண்டாம்: என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதி, என்ன ஆனது, என்ன வேண்டும், அவ்வளவுதான். கூடவே 1915க்குக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். சீட்டும் யூபிஐ பதிவும் போதிய ஆதாரம். கேட்டும் பில் தராததே 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

11,800 ரூபாய்க்கு ஆணையத்தில் நடையாய் நடப்பது எளிதல்ல, பள்ளிக்கு லீவு போட வேண்டியிருக்கும். அதனால்தான் அவரோடு உட்கார்ந்து பேசி முடிக்கத்தான் நான் முதலில் சொல்வேன். நீங்கள் ஆணையத்துக்குப் போகத் தயாராக வந்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால் அவரும் கேட்பார்.

எப்படி முடிந்தாலும் பிளேட்டை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம். பேப்பரில் சுற்றினால் எண்ணெயைப் பேப்பர் உறிஞ்சிவிடும். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, தேதி எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போட மறுத்தால் கூட வந்த மெக்கானிக்கின் கையெழுத்து போதும்.