நெருப்புத் துப்பும் செடி: வாசகர் கேள்வி–பதில்

விடுமுறை நெருங்கியதும் நம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து மாரியோ வீடியோ கேம் கேள்விகள் வந்து குவிகின்றன. குழாயிலிருந்து தலை நீட்டி நெருப்புத் துப்பும் செடியைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ விளையாடுகிறேன். முதல் உலகத்தின் முதல் கட்டத்திலேயே குழாயிலிருந்து ஒரு சிவப்புச் செடி எழுந்து நெருப்புத் துப்புகிறது. எவ்வளவு தூரம் ஓடினாலும் அடிபடுகிறேன். என்ன செய்வது?
— மாணவர், பீனிக்ஸ்

பதில்: தூரம் ஓடுவதால்தான் அடிபடுகிறீர்கள், தம்பி. அதன் பெயர் வீனஸ் ஃபயர் டிராப். 1985இல் வந்த முதல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் குழாய்ச் செடி கடிக்க மட்டும்தான் செய்தது. நெருப்புத் துப்பும் வகை 1988இல் ஜப்பானில் வெளியான இந்த மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. சாதாரணச் செடி வாயை மேலே பார்த்துத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். நெருப்புச் செடியோ நீங்கள் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பும். இதில் பச்சையும் உண்டு, சிவப்பும் உண்டு. நிறத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

அது செய்வது எப்போதும் ஒன்றுதான்: எழும், உங்களைப் பார்க்கும், ஒரு குண்டைத் துப்பும், உள்ளே இறங்கும். குண்டு புறப்பட்ட பிறகு திசை மாறாது, நேர்க்கோட்டில்தான் போகும். அதனால் அது துப்பும்வரை ஓரிடத்தில் நில்லுங்கள், துப்பியவுடன் இடம் மாறுங்கள். பலர் தலையைக் கண்டதுமே குதித்துவிடுகிறார்கள். குண்டு கிளம்பும்போது அவர்கள் அந்தரத்தில் இருப்பார்கள், விலக வழியிருக்காது. நடுவில் கல் இருக்கிறதே என்று அதன் பின்னால் ஒளிவதிலும் பயனில்லை, இந்த ஆட்டத்தில் அந்தக் குண்டு கல்லைத் துளைத்துக்கொண்டு வரும்.

தலை முழுவதும் உள்ளே போனதும் ஓடிப்போய்க் குழாயை ஒட்டி நில்லுங்கள், அல்லது மேலே ஏறி நில்லுங்கள். நீங்கள் அங்கே இருக்கும்வரை செடி எழாது. ஏற்கெனவே எழுந்துவிட்ட செடி உங்களைக் கண்டு உள்ளே போகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பாதி வெளியே இருக்கும்போது நெருங்கினால் கடிதான் மிஞ்சும்.

கொல்ல வேண்டுமென்றால் ஃபயர் பிளவர் என்ற பூவை எடுத்து நெருப்பு வீசலாம். தரையில் நின்று வீசினால் அது துள்ளிப்போய்க் குழாயின் பக்கவாட்டில் மோதி அணைந்துவிடும். செடியின் தலை உயரத்துக்குக் குதித்து, உச்சியில் பட்டனை அழுத்துங்கள். மாரியோ ரக்கூனாக மாறியிருந்தால் வாலால் அடித்தாலும் சாகும், ஆனால் வாலுக்கு எட்டும் தூரம் குறைவு. ஆமையின் ஓடோ நட்சத்திரமோ கிடைத்தாலும் விடாதீர்கள்.

கேள்வி: இந்தச் செடியை மிதித்துக் கொல்லவே முடியாதா?
— வாசகர், டோங்காட்

பதில்: பக்கவாட்டில் ஓடும் பழைய ஆட்டங்களில் காலை வைத்தால் உங்களுக்குத்தான் சேதம். ‘சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்’டில் தாராளமாகத் தலையில் குதிக்கலாம். அங்கே தொட்டியில் வளரும் வகையும் உண்டு. தொட்டியோடு தூக்கிக்கொண்டு நடந்தால் உங்களுக்காக எதிரிகள் மீது நெருப்புத் துப்பும்.

கேள்வி: வீட்டில் பழைய ‘கோல்டன் சைனா’ டிவி கேம் இருக்கிறது. அதில் சுலபமாகத் தாண்டிய செடியை மகனுடைய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் தாண்ட முடியவில்லை. ஆட்டத்தையே மாற்றிவிட்டார்களா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?
— வாசகர், மெரபாங்க்

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள், ஐயா. இந்த ஆட்டம் நேரத்தைக் காட்சிச் சட்டங்களால், அதாவது ஃபிரேம்களால் கணக்கிடுகிறது. ஜப்பான், அமெரிக்க டிவிக்கு நொடிக்கு 60 சட்டம். நம் ஊர் PAL ஒளிபரப்பு முறை டிவிக்கு 50. ஜப்பானுக்காகச் செய்த ஆட்டத்தை 50 சட்ட டிவி கேமில் போட்டால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். உங்கள் விரல் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கிறது. ஸ்விட்சில் 60. அதோடு புதிய டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். டிவி மெனுவில் ‘கேம் மோட்’ போட்டுப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும்.

இன்னொரு வித்தியாசம் உங்களுக்குச் சாதகமானது. டிவி கேமுக்கு வந்த 60 பின் (உலோக முனை) கொண்ட ஆட்டக் கேட்ரிட்ஜ்களில் ஜப்பான் பதிப்பின் நகல்கள் நிறைய. அந்தப் பதிப்பில் ரக்கூனாக இருந்து அடிபட்டால் நேரே குட்டி மாரியோ ஆகிவிடுவீர்கள். ஸ்விட்சில் வரும் ஆங்கிலப் பதிப்பில் ஒரு படிதான் இறக்கம்: ரக்கூன் பெரிய மாரியோ ஆகும், அடுத்த அடியில்தான் குட்டி ஆகும்.

கேள்வி: ஏழாம் உலகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் குழாய், குழாய்க்குள் செடி. அங்கே பழகலாம் என்றால் போய்ச் சேர்வதற்குள் லோட் ஷெடிங் வந்து எல்லாம் போய்விடுகிறது. சீக்கிரம் போக வழி உண்டா?
— கல்லூரி மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உண்டு. ஊதினால் வேறு உலகத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு விசில்கள் முதல் உலகத்திலேயே இருக்கின்றன.

ஒன்று 1-3இல், அதாவது முதல் உலகத்தின் மூன்றாம் கட்டத்தில். கட்டத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கட்டை வரும். அதன் மேல் ஏறிக் கீழ் பட்டனை ஐந்து நொடிபோல அழுத்திப் பிடித்தால் மாரியோ காட்சிக்குப் பின்னால் விழுவார். அப்படியே வலப்பக்கம் ஓடி, கட்டத்தின் முடிவு எல்லையையும் தாண்டிப் போங்கள். ஓடாமல் நின்றால் மறுபடி முன்னால் வந்துவிடுவார். இரண்டாவது, முதல் உலகக் கோட்டையில். ரக்கூனாக உள்ளே போய், முதல் கதவுக்கு முன் ஓடிப் பறந்து, சுவர் உச்சியைத் தாண்டி வலக்கோடிவரை நடந்து மேல் பட்டனை அழுத்துங்கள். கதவு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊதிவிடாதீர்கள், எட்டாம் உலகத்தில் கொண்டுபோய் விடும். முதல் விசிலில் 2, 3, 4 உலகங்களில் ஒன்றுக்குப் போய் இறங்குங்கள். அங்கே இரண்டாவதை ஊதினால் 5, 6, 7 வரும்.

ஏழில் ஒரு செடியின் பக்கத்தில் ஒதுங்கினால் அடுத்த குழாய்ச் செடி குறி வைக்கும். அதனால் முதலில் தாண்ட வேண்டிய குழாயைப் பார்க்காமல், அதற்கு அடுத்ததன் மேல் கண் வையுங்கள். அது உள்ளே இறங்கும் நேரத்தில் கிளம்புங்கள். டனூக்கி உடை இருந்தால் கீழ் பட்டனோடு பி அழுத்திச் சிலையாகலாம். சில நொடிக்கு எதுவும் தொடாது. ஹாமர் உடையில் குனிந்தால் அதன் முதுகு ஓடு நெருப்பைத் தடுக்கும். ஹாமர் உடையைக் கையில் வைத்துக்கொண்டு ‘கடைசிக்கு ஆகட்டும்’ என்று சேமிப்பவர்கள் பலர். இங்கேயே செலவு செய்யுங்கள். வழியில் தரையோடு வரிசையாக இருக்கும் கறுப்புச் செடிகளான மஞ்சர்கள் நெருப்புத் துப்பாது. ஆனால் நட்சத்திரம் எடுத்தாலும் சாகாது.

மின்வெட்டைப் பொறுத்தவரை, பழைய கேட்ரிட்ஜில் சேமிக்கும் வசதியே கிடையாது. நின்டெண்டோவின் சந்தா சேவையான ஸ்விட்ச் ஆன்லைனில் உள்ள பதிப்பில் எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். இசட்எல், இசட்ஆர் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கியும் ஓடும். சேமிப்பதை மட்டும் கரண்ட் போகும் நேரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: ‘மாரியோ மேக்கர் 2’இல் நெருப்புச் செடி வைத்து ஒரு கட்டம் செய்தேன். நண்பர்கள் யாரும் முடிக்கவில்லை, ‘போரடிக்கிறது’ என்கிறார்கள்.
— 12 வயது வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: செடியை அழுத்திப் பிடித்தால் நெருப்பு வகைக்கு மாற்றலாம் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவற்றைக் குழாயில் வைத்தாயா, வெறும் தரையில் வைத்தாயா? தரையில் வைத்த செடி ஒளியவே ஒளியாது, துப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போனால் அடங்கும் என்று பழகியவர்கள் அங்கே ஏமாறுவார்கள். தரைச் செடிகளைக் குறைத்து, பெரும்பாலானவற்றைக் குழாய்க்குள் போடு. ஆரம்பத்தில் ஒரே ஒரு செடி, பக்கத்தில் தப்பி நிற்க இடம். அதைக் கற்றுக்கொண்ட பிறகு இரண்டு. ஒரே திரையில் மூன்று செடி சேர்ந்து துப்பினால் அது திறமைக்கு வைத்த சோதனை இல்லை, அதிர்ஷ்டச் சீட்டு. பதிவேற்றும் முன் நீயே முடித்துக் காட்ட வேண்டும்தான், ஆனால் உனக்கு ஒவ்வொரு செடியின் நேரமும் மனப்பாடம். அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார். அவர்கள் எங்கே மூன்று முறை சாகிறார்களோ, அங்கே ஒரு செடியை எடு.

கேள்வி: பேரன் அந்தச் செடியை நிஜமாகவே வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அப்படி ஒன்று இருக்கிறதா?
— ஓர் ஆயா, டர்பன்

பதில்: நெருப்புத் துப்பும் செடி கிடையாது, அம்மா. பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃபிளைடிராப் உண்டு, அமெரிக்காவின் வட, தென் கரோலினாவைச் சேர்ந்தது. அதன் இலைக்குள் உள்ள மெல்லிய மயிர்களை 20 நொடிக்குள் இரண்டு தடவை தொட்டால்தான் மூடும். விளையாட்டுக்கு விரலை விட்டு மூட வைத்தால் இலை வீணாகும். அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். டர்பன் குளிர் போதாமல் ஓரிரு ஆண்டில் நலிந்துவிடும்.

நம் நாட்டு கேப் சண்டியூ, அதாவது டிரோசெரா கேப்பென்சிஸ், இங்கே சுலபமாக வரும். பீட் பாசியும் கழுவிய மணலும் சம அளவு கலந்த தொட்டியை, இரண்டு செ.மீ. தண்ணீர் நிற்கும் தட்டில் வையுங்கள். மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். உரமோ இறைச்சித் துண்டோ போட்டால் வேர் கருகும், இலை அழுகும். பேரனுக்கு நெருப்புத்தான் முக்கியம் என்றால் கேப் மலைகளின் ஃபயர் லில்லியைப் பற்றிச் சொல்லுங்கள். காட்டுத் தீயின் புகை பட்டு, இரண்டு வாரத்துக்குள் சாம்பலிலிருந்து சிவப்பாகப் பூத்து நிற்கும். அதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம்.