என்ஜின் இருக்கட்டும், தரை இருக்கிறதா?

கேள்வி: "என் வாப்பா 1972-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, கீழக்கரை வீட்டுக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகளாக நிற்கிறது. என்ஜின் பிடித்துக்கொண்டது, சுற்றவில்லை. நான் துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை ராமநாதபுரம், எப்போதாவது ராமேசுவரம் என்று அதிலேயே போய்வர ஆசை. இசுசு 2 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று கியர்பாக்ஸோடு கிடைக்கிறது, பத்தே நாளில் ஏற்றித் தருகிறேன் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இந்த மாதமாவது கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் என்ஜினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வண்டியின் தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொட்டகை கடலிலிருந்து எத்தனை தெரு தள்ளி இருக்கிறது, கீழே சிமெண்டா மணலா என்பதும் இல்லை. கடல் உப்போடு வீசும் கச்சான் காற்றைப் பதினோரு வருடம் வாங்கிய வண்டிக்கு நான் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான். கெட்ட என்ஜினுக்கு மாற்று என்ஜின் எந்த ஊரிலும் விலைக்குக் கிடைக்கும். அதைத் தாங்கவேண்டிய தகடு உப்பில் கரைந்துபோயிருந்தால், நீங்கள் வாங்கும் என்ஜினை அந்த மெக்கானிக் எதன்மேல் வைப்பார்?

லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் சேசிஸ் என்ற இரும்புச் சட்டம் தனியாக உண்டு. பாடி துருப்பிடித்தாலும் சேசிஸ் தாங்கிக்கொள்ளும். அம்பாசிடருக்கு அப்படி ஒன்று கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி அது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பக்கத் தகடுகளும் சேர்ந்துதான் அதற்குச் சேசிஸ். முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற இரண்டு முறுக்குக் கம்பிகளின் பின்முனை, தரைக்கு அடியில் குறுக்கே போகும் சட்டத்தில் பூட்டியிருக்கும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் கொக்கிகளும் அதே தகட்டில்தான் தொங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் உச்சிப்புளிப் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். டீசல் என்ஜின் ஏற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. எடை கூடியதால் மூக்கு தாழ்ந்திருக்கிறது. ஏற்றிக் கொடுத்தவர் டார்ஷன் பாரை இன்னும் கொஞ்சம் முறுக்கி உயர்த்தி அனுப்பிவிட்டார். ஒரு வேகத்தடையில் குறுக்குச் சட்டம் பிய்ந்துகொண்டது. நான் போனபோது இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் குந்தியிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். சட்டம் பிய்ந்த இடத்தில் தகடு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது; நடுவே கடல் மணல். என்ஜினைப் பற்றிக் கேட்கிறீர்களா? அது அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். முன்சீட்டைக் கழற்றி, ரப்பர் விரிப்பையும் அதன் அடியில் இருக்கும் சணல் மெத்தையையும் தூக்குங்கள். அந்தச் சணல் ஈரம் குடித்துவைத்திருக்கும். ஓட்டுநரின் குதிகால் படும் இடம்தான் முதலில் போகும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். போன தகடு அட்டைப் பெட்டி போல் மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வருத்தப்படாதீர்கள், இப்போதே தெரிந்ததே என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. யாரோ எப்போதோ ஓட்டையைப் பட்டி வைத்து மூடி வர்ணம் அடித்திருக்கிறார்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் மணலால் அடைபட்டிருக்கும். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பாட்டரித் தட்டு, லீஃப் ஸ்பிரிங் கொக்கி, டார்ஷன் பார் பூட்டியிருக்கும் சட்டம் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

தரை மட்டும் அங்கங்கே போயிருந்தால் கவலை இல்லை. போன இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல தகடு வரும்வரை போய், 18 கேஜ் தகட்டைச் சி.ஓ.2 வெல்டிங்கில் வைக்கச் சொல்லுங்கள். பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டும் டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள். இரண்டு மழைக்காலம் தாங்காது. பக்கத் தகடுகளை வெட்டுவதானால், அதற்கு முன் பாடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கதவு இடுக்குகளை அளந்து எழுதிவைக்க வேண்டும். முட்டு இல்லாமல் வெட்டிய வண்டியில் கதவு அப்புறம் ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது. முடிந்த பிறகு துத்தநாக பிரைமர், அதன்மேல் அண்டர்கோட்டிங், பெட்டித் தகடுகளுக்குள் மெழுகு. வத்தை என்ற மரப் படகுக்கு மீன் எண்ணெய் பூசும் ஊர்க்காரர் நீங்கள். அதையே காருக்கும் பூசலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. துருவை நன்றாகவே தடுக்கும். ஆனால் வெயிலில் நிறுத்தினால் தெருப் பூனைகள் எல்லாம் வண்டியடியில் கூடிவிடும்.

என் கணக்கில், நூறு ரூபாய் ஒதுக்கினால் அறுபது ரூபாய் பாடிக்கு. மீதியில்தான் என்ஜின், பிரேக், வயரிங் எல்லாம்.

இனி என்ஜினுக்கு வருகிறேன். அதைச் செத்துவிட்டது என்று யார் சொன்னது? பிடித்துக்கொண்ட என்ஜின் வேறு, உடைந்த என்ஜின் வேறு. நின்றுபோன வண்டியில் ஈரக் காற்று உள்ளே போய் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொள்வது இங்கே வழக்கம். உங்களுடையது 1489 சி.சி., 73 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் அகலம்), 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட பழைய பெட்ரோல் என்ஜின். வேகம் குறைவு, அவசரப்படாது, குறைந்த சுற்றிலேயே இழுக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் நீங்கள் ஏறவேண்டிய பெரிய மேடு பாம்பன் பாலம்தான். அதற்கு இது தாராளம். சிலிண்டர் துளையைக் கடைந்து, கிராங்க் அரைத்து, புதுப் பிஸ்டன், ரிங், பேரிங் போடுவது மதுரையில் நல்ல லேத் பட்டறைக்குப் பழகிய வேலை. உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

அப்படிப் பிரிக்கும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு போய்விட்டது. அந்த ஈயம்தான் என்ஜினின் மேல்பகுதியான பழைய ஹெட்டில் இருக்கும் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. கடினமான சீட் வளையங்களை இறக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரமையும் அது உப்பவைத்துக் கெடுக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும்; நம் கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, டேங்கைக் கழற்றி உட்புறம் சுத்தம் செய்து, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்று நீர் ஊற்றாதீர்கள். கீழக்கரையில் குடிநீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். நாம் குடிக்காத உவர் நீரை என்ஜின் மட்டும் குடிக்க வேண்டுமா? பிளாக்கின் நீர்வழிகளில் படலம் கட்டி, அம்பாசிடர் என்றாலே சூடாகும் என்ற கெட்ட பெயர் வருவதற்கு இதில் பெரும் பங்கு உண்டு. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மாற்று என்ஜின்தான் வேண்டும் என்றால், டீசலைவிட இசுசு 1.8 பெட்ரோலைத் தேடுங்கள். 1990-களில் அம்பாசிடரிலேயே கம்பெனி போட்டுக் கொடுத்தது, 1817 சி.சி., ஐந்து கியர். டீசலின் அதிர்வும் எடையும் உங்கள் வயதான பாடிக்கு வேண்டாத தண்டனை. எந்த என்ஜினானாலும் பத்து நாள் கதை நடக்காது. என்ஜின் மவுண்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் சரிசெய்து பாலன்ஸ் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் கியர், ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. ஐந்து கியர் பெட்டிக்குத் தரையின் நடுமேட்டை வெட்ட வேண்டும். எந்தத் தரையை? மேலே சொன்ன அதே தரையை. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பலம் கொடுக்காவிட்டால் பாடி முறுக்கிக்கொள்ளும்.

வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். நான்கு பக்கமும் டிரம்மோடு 1.8-ஐ ஓட்டாதீர்கள், பிந்தைய அம்பாசிடரின் முன் டிஸ்க்கையும், பிரேக் மிதிக்குத் துணைப் பலம் தரும் பூஸ்டரையும் போடுங்கள். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிட இழுவையைப் பெட்ரோல் என்ஜினின் மேனிஃபோல்டு தந்துவிடும். டீசலில் அது கிடைக்காது, தனி வாக்குவம் பம்ப் வேண்டும். இதைச் சொல்லாமல் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போடும் முன் அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

போட் என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்று மண்டபம் பக்கத்திலிருந்து யாராவது சொன்னால், கடல்நீரை நேரே ஓடவிட்டுக் குளிர்வித்த என்ஜினா என்று கேளுங்கள். ஆம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் விலக்குத் தருவது எரிவாயு, பாட்டரி போன்றவற்றுக்கான மாற்றுத் தொகுப்புகளுக்கு. பழைய டாக்சியிலிருந்து கழற்றிய டீசல் அந்தக் கணக்கில் வராது. ஆகவே ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலம் பதில் வாங்கிய பிறகே என்ஜினுக்குக் கை வைக்க வேண்டும். விற்பவரிடம் ரசீது, அந்த என்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி., அது திருட்டு வண்டி இல்லை என்பதற்கான சான்று ஆகியவற்றை வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவரிடம் வாங்காதீர்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். உங்கள் ஆர்.சி.யின் காலமும் எப்போதோ முடிந்திருக்கும். புதுப்பிக்க வண்டியையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அப்போது என்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள்.

ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவைப் பற்றியும் யாராவது உங்கள் காதில் போடுவார்கள். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் ரேலிக்கும் பழுது பார்க்கவும் எண்ணெய் போடவும்தான் ஓட்டலாம். ராமநாதபுரத்துக்கு வாரம் இரண்டு முறை சாமான் வாங்கப் போக முடியாது. உங்களுக்கு அது சரிப்படாது. ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அதை விரும்பினால், பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். இன்று டீசல் ஏற்றினால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

தரையைப் பார்த்த கையோடு இதையும் செய்யுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலையும் டீசலையும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் அரை டம்ளர் ஊற்றுங்கள். துளையைத் துணியால் மூடிவையுங்கள். தினமும் சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே வாருங்கள். செல்ஃப் மோட்டாரைத் தொடவே கூடாது, ரிங் உடையும். பத்து நாள் கழித்து, டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுத்து முன்னால் மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள். நகரவில்லை என்றால் இன்னும் பத்து நாள். கால் சுற்று நகர்ந்துவிட்டால், ஊற்றியதெல்லாம் இறங்கியிருக்கும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, அந்த மெக்கானிக்கிடம் டீசல் வேண்டாம், இந்த ஹெட்டைக் கழற்றித் தாருங்கள் என்று சொல்லுங்கள்.