பனங்கொட்டை முளைத்ததா, செத்ததா?

கேள்வி: திசையன்விளைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேரி நிலம், அதாவது செம்மணல் காடு, இருக்கிறது. புரட்டாசியில் வேலியோரம் 150 பனங்கொட்டை ஊன்றினேன். அதே கொட்டையில் பாத்தி போட்டதெல்லாம் கிழங்காகி, பொங்கலுக்கு அவித்துத் தின்றும் ஆயிற்று. வேலியோரத்தில் மட்டும் பங்குனி பிறந்தும் ஓர் ஓலைகூடத் தலைகாட்டவில்லை. சித்திரை வெயிலில் எல்லாம் செத்துவிடும், உழுதுவிட்டுத் தென்னை வைப்போம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: உழவு போட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி. ஒரே ஒரு கொட்டையைச் சோதித்துப் பாருங்கள். கொட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் தோண்டுங்கள். நேராக மண்வெட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்படும். கொட்டையின் கண்ணிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கியிருக்கும், இந்நேரம் அது வாடியும் இருக்கலாம். அதன் அடியில் இருக்கும் கிழங்கை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து நாறினால் அது மட்டும் போயிற்று.

தென்னையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பனை ஏமாற்றமாகத்தான் இருக்கும். தென்னம்பிள்ளை காயை ஒட்டியே குருத்து விட்டு மேலே வருகிறது. பனையோ முளைத்ததும் கீழ்நோக்கிப் போகிறது. அந்தக் குழாயின் நுனியில்தான் கரு இருக்கிறது. கொட்டையை மேலேயே விட்டுவிட்டு, கருவை மட்டும் மண்ணுக்குள் ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது. முளைத்த கொட்டைக்குள் வெள்ளையாகப் பஞ்சுபோல இருப்பது தவண். அது கொட்டையின் பருப்பைக் கரைத்துக் குழாய் வழியாக அனுப்ப, அந்தச் சத்து கீழே மாவாகச் சேர்கிறது. அதுதான் கிழங்கு. தவணுக்குத் தென்னையில் என்ன பெயர் தெரியுமா? முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் தேங்காய்ப்பூ. உறுப்பு ஒன்றுதான், பிழைக்கும் வழிதான் வேறு.

ஏன் இந்த ஏற்பாடு என்பதை உங்கள் தேரியே சொல்லும். ஐப்பசி முதல் மார்கழி வரை கிடைக்கிற மழைதான் நமக்குப் பெருமழை. அதன்பின் செம்மணலின் மேல்பரப்பு உலர்ந்து, சித்திரையில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். ஆடிக்காற்றில் மணலே இடம் மாறும். அந்த மேல்மண்ணில் ஓர் இளங்குருத்து எப்படி நிற்கும்? ஈரம் தங்கும் ஆழத்தில் வேரை ஊன்றி, உணவையும் கூடவே வைத்துக்கொண்டால் வெயிலோ, ஆட்டின் வாயோ, தரையில் ஓடும் தீயோ கருவைத் தொட முடியாது. அவித்த கிழங்கைப் பிளந்தால் நடுவில் ஈர்க்குப்போல ஒரு குருத்து இருக்குமே, தின்னும்போது எடுத்துப் போடுவோமே, அதுதான் முதல் ஓலை. அது மண்ணுக்கு மேலே வர ஊன்றியதிலிருந்து ஒரு வருடம்கூட ஆகலாம்.

வந்த பிறகும் அவசரப்படாதீர்கள். பனைக்குத் தண்டு உயர்ந்த பிறகு வேம்பைப்போல ஆண்டுதோறும் பருக்க வழியில்லை. அதனால் தனக்கு வேண்டிய பருமனை மண்ணுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டுதான் எழும்பும். பல வருடம் வடலி, அதாவது இளம்பனை, தரையோடு ஓலை விரித்துக் கிடப்பதன் காரணம் இதுதான். வளரவில்லை என்று அதை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

இப்போதைக்கு ஊன்றிய இடங்களில் அடையாளக் குச்சி நட்டு வையுங்கள். கோடையில் எப்போதாவது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பயமில்லை. கிழங்கைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் பிழைக்காது. பன்றித் தொந்தரவு இருக்கும் நிலமென்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிழங்கு வாசம் பிடித்துக் கிளறிவிடும். அடுத்த புரட்டாசியிலும் ஓலை வராத இடங்களில் மட்டும், பத்தடிக்கு ஒன்று என்ற இடைவெளி கெடாமல், குழிக்கு இரண்டு கொட்டையாகப் போடுங்கள். குருத்து தெரிந்ததும் சுற்றிலும் உடைமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டால் ஆடு அண்டாது.