அந்தக் கூட்டத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்

கேள்வி: எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சின்னத் தப்பு நடந்தாலும் "நீ தண்டம், உனக்கு எதுவும் வராது" என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. குழம்பில் உப்பு கூடினாலும் அதேதான், முதலாளி முகம் சுளித்தாலும் அதேதான். பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆன அன்று அப்பா என்னைத் "தண்டச்சோறு" என்றார். இப்போது அவர் எங்களோடு இருக்கிறார்; அவருடைய சர்க்கரை மாத்திரைச் செலவும் என்னுடையதுதான். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் இதைச் சொன்னால் சிரிக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. நன்றாகப் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் டிகிரி முடித்த என் தங்கையை அனுப்பிவிடுவேன். "நான் திறமைசாலி" என்று தினமும் கண்ணாடி முன்னால் சொல்லும்படி ஒரு வீடியோவில் பார்த்தேன். சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. இந்தப் பேச்சை எப்படி நிறுத்துவது?
பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: இதே மாதிரிக் கடிதம் எனக்கு வராத மாதம் கிடையாது. "அப்படியெல்லாம் இல்லம்மா, நீங்கள் தங்கமானவர்" என்று நான் சொல்ல வேண்டும், அதுதானே எதிர்பார்ப்பு? சொல்ல மாட்டேன். கண்ணாடி முன்னால் நீங்களே சொல்லி எடுபடாதது, நான் சொல்லியா எடுபடப்போகிறது? எரிச்சல் வந்ததில் அதிசயமும் இல்லை. கனடாவில் உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2009-இல் எழுதியிருக்கிறார்கள். தன்மேல் மதிப்பில்லாதவர்களை "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, சொல்லாமல் இருந்தவர்களைவிட அவர்கள்தான் அதிகம் வாடிப்போனார்கள். மனசு நம்பாத ஒன்றை வாய் சொன்னால், உள்ளே எதிர்வழக்கு கிளம்பிவிடும்.

அது கிடக்கட்டும். உப்புக்கும் முதலாளி முகத்துக்கும் விளக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். "பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் தங்கையை அனுப்பிவிடுவேன்." உங்கள் குழம்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இதைப் பற்றி இருக்கிறது.

ஏன் அனுப்புகிறீர்கள்? தங்கைக்கு டிகிரி இருக்கிறது, உங்களுக்குப் பத்தாவதுகூட இல்லை, அதனாலா? மகள் அப்படிக் கேட்டாளா? கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "என்னைப் பார்த்தால் அவளுக்கு அசிங்கம்" என்று நீங்களே முடிவு கட்டியாயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ வந்து உட்காரும்போது, அவள் சித்தியைத் தேடிக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள். அவள் என்ன நினைப்பாள்? ஃபெயில் ஆனவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பாள். நாளைக்கு அவளுக்கே மார்க் குறைந்தால் பேப்பரை உங்களிடம் காட்டுவாளா?

கோபமாகவே சொல்கிறேன். "நான் தண்டம்" என்ற அந்தப் பேச்சு உங்களை வாட்டுவதோடு நிற்கவில்லை, சௌகரியமும் பண்ணிக்கொடுக்கிறது. தண்டத்துக்கு ஏது கடமை? டீச்சர் எதிரில் உட்கார வேண்டாம், கேட்ட கேள்விக்கு விழிக்க வேண்டாம். உடம்பு முடியவில்லை, வெளியூரில் வேலை என்றால் சித்தி போகட்டும், தப்பில்லை. வெட்கத்துக்காகப் பெற்றவள் தன் இடத்தில் இன்னொருத்தியை உட்காரவைப்பது சரியில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 21-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தப் பெற்றோர் எத்தனாவது படித்தார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. அந்தப் பேச்சை நிறுத்த முடியாது, நிறுத்தப் பார்க்கவும் வேண்டாம். ஏரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் இதைக் கண்டுகொண்டார். நோயாளிகள் தன்னிடம் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்குள் இன்னொரு பேச்சு தானாக ஓடுகிறது. வேகமாக வந்துபோகிறது, வந்தவுடன் உண்மை மாதிரியே இருக்கிறது, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பிடித்து நிறுத்தி விசாரியுங்கள் என்பதுதான் அவருடைய வைத்தியம். இன்றைக்கும் மனநல மருத்துவமனைகளில் அந்த வழி புழக்கத்தில் இருக்கிறது.

விசாரிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு பீஸில் ஆயில் கறை இருந்தால் என்ன செய்வீர்கள்? எங்கே, எவ்வளவு, கழுவினால் போகுமா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி, சரிசெய்வதற்காக ஆல்டருக்குத் தள்ளுவீர்கள். ஒரு கறைக்காக லாட் முழுவதையும் ரிஜெக்ட் பண்ணுகிற செக்கர் உங்களுக்குக் கீழே இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் கூப்பிட்டுத் திட்டியிருக்க மாட்டீர்களா? உங்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறது?

ஒரு நோட்டு வாங்குங்கள். அந்தப் பேச்சு வந்தவுடன், என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது என்று வார்த்தை மாறாமல் எழுதுங்கள். "எப்பவும்", "எதுவும்", "ஒண்ணுக்கும்" என்று வந்தால் அடிக்கோடு போடுங்கள். பொய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று பாருங்கள். "எனக்குக் கணக்கு வராது" என்பதற்குச் சாட்சி ஒரே ஒரு பரீட்சை. தினமும் பீஸ் எண்ணி, ரிஜெக்ஷன் கணக்கை டேலி பண்ணிக் கையெழுத்துப் போடுவது யார்? கடைசியில், பெரியவர்கள் முன்னால் சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஒரு வரி மட்டும் மிஞ்ச வேண்டும். "பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனேன்." அவ்வளவுதான். "குழம்பில் உப்பு கூடிவிட்டது." அதுவும் அவ்வளவுதான். மனசுக்குள்ளேயே செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே குற்றம் சாட்டுகிறவரும் நீதிபதியும் ஒரே ஆள்.

அப்பா சொன்னது தப்பு. பெரிய தப்பு. பெற்றவர் என்பதற்காக அதை நான் பூசி மெழுக மாட்டேன். அதற்காக, மாத்திரை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரை இந்த வயதில் குறுக்கு விசாரணை பண்ணவும் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் சொன்னது ஒருநாள். அதற்குப் பிறகு தினமும் சொல்லிக்கொண்டிருப்பது நீங்கள். இன்றைக்கு அவருக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்பதையும் அந்த நோட்டில் எழுதிவையுங்கள்.

வீட்டுக்காரர் சிரிப்பதற்கு நான் அவரைத் திட்டப்போவதில்லை. அவரிடம் உப்புக் கதையைத்தான் சொல்லியிருப்பீர்கள். பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள். தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டுக் கிடக்கிறதென்றால், நோட்டு மட்டும் போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். செத்துவிடலாமா என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இன்று சாயங்காலமே மகளிடம் கேளுங்கள். முதல் தடவை தங்கை கூட வரட்டும், பக்கத்தில் உட்காரட்டும், ஆனால் டீச்சரிடம் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும். புரியாததைக் கேளுங்கள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். அரை ஷிஃப்ட் சம்பளம் போகும். போகட்டும்.